விளக்கு எரிந்துவிட்டால் வேலை சரியாகிவிடுமா?

மூன்று நாட்களாகப் பேசாமல் இருந்தேன். அந்தக் கீசர் படத்தையும் அதன் கீழே நடந்ததையும் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம்: தெரிந்த ஒருவர் தம் வீட்டுக் கீசரைத் தாமே மாட்டி, அதைப் படமெடுத்துப் பதிவு போட்டிருந்தார், நேற்றிரவு படத்தை எடுத்துவிட்டார். நான் அங்கே எழுதியது ஒரே ஒரு வரி: "எர்த் கம்பியை வெட்டியிருக்கிறீர்கள், தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள்." அதற்கு வந்த பதில்: "உங்கள் அப்பா வயர்மேன் அல்லவா, பிழைப்பு போய்விடுமே என்ற கவலை இருக்கத்தான் செய்யும்." அந்தப் பதிலுக்கு எத்தனை சிரிப்புகள்! சிரித்தவர்களில் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து பேசியவர்கள். பெயர்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சரி, அப்பாவைப் பற்றிப் பிறகு. முதலில் அந்தக் கம்பி.

"சுவிட்சைப் போட்டேன், தண்ணீர் சுட்டது, வேலை முடிந்தது" என்று பெருமையாக எழுதியிருந்தார். அந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தண்ணீர் சுடுவதற்கு இரண்டு கம்பிகள் போதும், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒன்று, அது திரும்பிப்போகும் நியூட்ரல் ஒன்று. மூன்றாவதாக வரும் பச்சை நிற எர்த் கம்பிக்கும் தண்ணீர் சுடுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் காயிலின் மேலுறை என்றாவது ஒருநாள் அரித்து விரிசல் விடும். அன்றைக்குத் தண்ணீரிலும் வெளித்தகட்டிலும் மின்சாரம் இறங்கும். இறங்கியது தரைக்குப் போக ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கம்பி. அதை வெட்டி எறிந்தால் கீசர் நின்றுவிடாது, எங்கும் எதுவும் குறையாது, ஒரு சத்தம்கூட வராது. ஈரக் கையோடு குழாயைத் திறக்கப்போகிறவருக்குத்தான் முதலில் தெரியவரும்.

நான் சொல்வது இவ்வளவுதான். விளக்கு எரிவதை வைத்து வேலை சரியென்று முடிவு கட்டாதீர்கள். வீட்டு வேலைகள் பெரும்பாலானவற்றில் தப்பு தானாகவே வெளியே வந்துவிடும். குழாயைச் சரியாக முறுக்காவிட்டால் ஒழுகும். கதவைக் கோணலாக மாட்டினால் உரசும். மின் வேலையில் மட்டும் தப்பாகச் செய்தாலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், கீசர் சுடும். தப்பு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு நாள் பார்த்திருக்கும்.

ஒரு பிளக் பாயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே கழற்றிப் புதிதாக மாட்டுகிறீர்கள். திருகு முழுவதும் இறுகவில்லை, கம்பியின் இழைகளில் சில வெளியே நிற்கின்றன. 2000 வாட் கீசர் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானால் கிட்டத்தட்ட 40 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். சாலிடரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது. அதைவிட அதிக வெப்பத்தைக் கக்கும் ஒன்று உங்கள் சுவரில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், மூடிய நிலையில் இருக்கிறது. மின்சாரம் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது. ஏன் விழவேண்டும்? அதன் கணக்கில் 9 ஆம்பியர்தான் போகிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும்.

எம்.சி.பி. பற்றி அந்தப் படத்தின் கீழே எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள். "எம்.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடும்." அது வயரைக் காப்பதற்காக வைத்திருப்பது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று உங்கள் உடலுக்குள் போகும் மின்சாரத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நனைந்த உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. ஆளைக் கொல்ல அதில் பாதியே அதிகம். 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் நெஞ்சின் வழியாகப் போனாலே இதயத்தின் துடிப்பு குலைந்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இதை ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார். பிடித்திருக்கும் கம்பியைத் தானாகக் கைவிட முடிகிற எல்லை எது என்பது அவருடைய கேள்வி. சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிக் கை கம்பியைப் பற்றிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை அமெரிக்காவில் 1961-இல் உருவாக்கியவரும் அவர்தான்.

"எங்கள் வீட்டில் அந்தக் கருவியும் இருக்கிறது" என்று ஒருவர் வந்தார். நல்லது, எல்லா வீட்டிலும் இருக்கவேண்டும். ஆனால் எர்த் கம்பி இருந்தால், கீசரில் கசிவு தொடங்கியவுடன் அந்தக் கம்பி வழியாகவே மின்சாரம் இறங்கிக் கருவி விழுந்துவிடும், அப்போது குளியலறையில் ஆளே இருக்கத் தேவையில்லை. எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தால், யாராவது தொடும்வரை கருவி காத்திருக்கும். முதல் அதிர்ச்சி தொட்டவர் உடல் வழியாகத்தான் போகவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி ஒழுங்காக வேலை செய்தால் அவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தீர்கள்?

இப்போது அப்பா.

எட்டாவது படிக்கும்போது விடுமுறை நாட்களில் அவரோடு போவேன், டார்ச் பிடிப்பது என் வேலை. ஒரு வீட்டில் பல்பு ஹோல்டர் உடைந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு, "அணைத்தாயிற்று, கை வையுங்கள்" என்றார். அப்பா கை வைக்கவில்லை. டெஸ்டரை எடுத்து, மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு பாயிண்டில் முதலில் வைத்தார். டெஸ்டர் மினுங்கியது. பிறகு ஹோல்டரில் வைத்தார். அங்கேயும் மினுங்கியது. சுவிட்ச் அணைந்தே இருக்கிறது, ஹோல்டரில் மின்சாரம் நிற்கிறது. அந்தச் சுவிட்சை வீட்டுக்காரர் தாமே மாட்டியிருக்கிறார், ஃபேஸில் வரவேண்டிய சுவிட்சை நியூட்ரலில் இணைத்துவிட்டார். அணைத்தால் பல்பு அணையும். ஆனால் ஹோல்டர் வரைக்கும் மின்சாரம் எப்போதும் வந்து நிற்கும்.

"பத்து வருடமாக எரிகிறதே" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் இருந்த குறையை இப்போதும் கேட்க முடிகிறது, அப்பா ஏதோ பொய்க் குற்றம் சுமத்திவிட்டதுபோல. பத்து வருடத்தில் அந்த வீட்டில் எத்தனை முறை பல்பு மாற்றியிருப்பார்கள்? எந்தக் கை மாற்றியிருக்கும்?

அப்பா மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடியும்வரை அது அவர் பையில்தான் இருக்கும். அவர் கை கம்பியில் இருக்கும்போது வேறு யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாது. பிறகு மறுபடியும் சோதித்தார். அதற்குப் பிறகும் டெஸ்டரை வெளியே மின்சாரம் இருக்கும் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார், டெஸ்டரே பழுதாகியிருந்தால்? ஒவ்வொரு திருகையும் முடுக்கிய பிறகு கம்பியை விரலால் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார். எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்: "முடுக்கினால் போதாது பாப்பா, இழுத்துப் பார்." ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இரண்டு கம்பியைச் சேர்க்க இவ்வளவு நேரமா?" என்று கேட்பவர்களை அன்றைக்கே பார்த்துவிட்டேன். இன்றைக்கு அவர்கள் கையில் தொலைபேசி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வயர்மேன்களும் தப்புச் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டில், தெரிந்தவர் என்று அழைத்துவரப்பட்ட ஒருவர், பிளக் பாயிண்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுப் போனார். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால், அதில் செருகியிருந்த சலவை இயந்திரத்தின் தகடு முழுவதும் ஃபேஸ் ஆகியிருக்கும். அப்பா ஒருமுறை வந்தபோது பாயிண்டைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. எட்டு மாதங்கள் அதில் துணி துவைத்திருக்கிறேன். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது! ஓடுவதை வைத்து எதையும் நம்பாதீர்கள் என்று இதனால்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். தப்பாகச் செய்கிற வயர்மேன் இருக்கிறார் என்றால் சரியாகச் செய்கிறவரைத் தேடவேண்டும், செய்த வேலையைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். அவர் தப்புச் செய்தார் என்பதற்காக, அந்த அளவுகூடக் கற்காத நாம் சுவரைத் திறப்பதா?

சிறு வேலைக்கு யாரும் வருவதில்லை என்கிறீர்கள். காத்திருங்கள். உயிரைவிட அவசரம் ஒன்றும் இல்லை.

இன்னொருவர் வெளிநாட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தார். நியூசிலாந்தில் சொந்த வீட்டில் வசிப்பவர் குறிப்பிட்ட சில மின் வேலைகளைத் தாமே செய்யலாம் என்பது உண்மைதான். அவர் எழுதாமல் விட்ட பாதி இது: புதிதாக வயர் இழுத்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஆய்வாளர் ஒருவர் வந்து சோதிக்கவேண்டும். பக்கத்திலிருக்கும் ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் வீட்டு வயரிங்கில் கை வைக்கவே கூடாது. இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின் வேலைகள் கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டன. அனுமதிக்கிற நாடும் "எரிகிறதே" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு போய்விடுவதில்லை, அளந்து பார்க்கிற கருவியோடு ஒருவர் வருகிறார். நீங்கள் சோதித்தது எதைக் கொண்டு? குழாயின் கீழே கையை நீட்டி, சுடுகிறதா என்று பார்த்தீர்கள்.

"அப்படியென்றால் அறிவு சிலருக்கு மட்டும்தானா, மற்றவர்கள் பயந்துகொண்டே இருக்கவேண்டுமா?" இந்தக் கேள்வி மட்டும் என்னை உண்மையாகவே வருத்தியது. பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதும் டார்ச்சைக் கையில் கொடுத்தவருடைய மகள் நான். கற்றுக்கொள்ளுங்கள், எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பிள்ளைக்கும் தெரியட்டும். கசிவுக் கருவியின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிளக் சுடுகிறதா, சுவிட்சில் சடசடவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஷாக் அடித்துக் கிடப்பவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை அணைக்கவேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் அறிவுதான். சுவருக்குள் கை விடுவது தொழில். அதைக் கற்க அப்பா ஆறு வருடம் ஒருவரின் கீழே எடுபிடியாக இருந்தார்.

நீங்கள் சிரித்தது அந்த ஆறு வருடங்களைப் பார்த்து. அவருடைய வலது கட்டைவிரலில் நகம் முளைக்காது, மற்றொருவர் செய்துவைத்த தப்பு தீப்பொறியாக வெடித்த இடம் அது. மழையிரவில் மின்சாரம் போனால் இதே நீங்கள் அவரைத்தான் கூப்பிட்டீர்கள். "அண்ணே, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்த குரல்களில் இரண்டை அந்தச் சிரிப்புகளில் பார்த்தேன். வந்தவருக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டீர்களா என்று கேட்கமாட்டேன், அது வேறு கதை. ஆனால் ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் உங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகிவிடக்கூடாது என்று ஒவ்வொரு கம்பியையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அதற்குப் பெயர் பிழைப்பு மட்டும்தானா?

அவருக்கு எழுபத்தொரு வயது. வேலைக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. யார் கீசர் மாட்டினாலும் அவருடைய பிழைப்பில் ஒரு துரும்பும் குறையாது.

அந்தப் பதிலை அவருக்குக் காட்டவேண்டாம் என்றுதான் நினைத்தேன். தங்கை காட்டிவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார், வெட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பச்சைக் கம்பியைச் சேர்த்துவிட்டாரா?" என்று கேட்டார். தெரியவில்லை அப்பா என்றேன். நேற்றும் கேட்டார். இன்று காலையிலும் கேட்டார்.

படத்தை நீக்கிவிட்டீர்கள், என்னையும் நீக்கிவிட்டீர்கள். இந்தப் பதிவு யார் மூலமாவது உங்களிடம் வரும் என்று தெரியும். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கீசரை அணைத்துவிட்டு, அந்தப் பச்சைக் கம்பியை இணைத்தாயிற்றா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். நான் அப்பாவிடம் சொல்லவேண்டும்.