சம்பளத்தை 2080-ஆல் வகுத்தால் ஆலோசகர் கட்டணம் கிடைத்துவிடுமா?

'ஆண்டுச் சம்பளத்தை 2080 மணி நேரத்தால் வகுத்து வருவதையே மணிக்கட்டணமாக வாங்குங்கள். தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்கினாலும் வருமானம் குறையாது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2080 என்ற எண் சரிதான்: 52 வாரம், வாரத்துக்கு 40 மணி. ஆனால் அது சம்பளக்காரரின் கணக்கு. விடுப்பிலும், காய்ச்சலில் படுத்த நாளிலும், மீட்டிங்கில் கொட்டாவி விட்ட நேரத்திலும் அவருக்குச் சம்பளம் ஓடும். ஆலோசகருக்கோ பில் போட்ட நேரத்துக்குத்தான் காசு. வாடிக்கையாளரைத் தேடுவது, விலைப்புள்ளி எழுதுவது, வராத பணத்துக்காக நாலு முறை போன் செய்வது எல்லாம் இலவச உழைப்பு.

விடுமுறை, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்து 6 வாரம் கழியுங்கள். மிச்சம் 46 வாரத்தில் வாரத்துக்கு 25 மணி பில் போட முடிந்தால் (ஆரம்பத்தில் அதுவே பெரிய விஷயம்) மொத்தம் 1150 மணி. அதே வருமானத்துக்கே கட்டணம் ஏறக்குறைய 1.8 மடங்காக இருக்க வேண்டும். நிறுவனம் இதுவரை கட்டிவந்த காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, கணினி, மென்பொருள் செலவு இதற்கு மேல்.

நம்பாவிட்டால் உங்கள் சம்பளச் சீட்டையும் பணி ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். நிறுவனம் என்னென்ன கட்டுகிறது என்பது தெரியும். வரி விதிகளை வரித்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர் ராஜினாமா கடிதம் எழுதும் யோசனையில் இருந்தால், இந்தக் கணக்கை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.