முல்தகா: சுற்றிக்காட்டுபவர்களே அகதிகள்தான்

பெர்லின் அருங்காட்சியகங்களின் முல்தகா திட்டத்தில் ஜெர்மானிய வழிகாட்டிகள் அகதிகளுக்கு ஜெர்மன் பண்பாட்டுப் பாடம் எடுக்கிறார்கள் என்று மேலே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். சின்னத் திருத்தம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2015 இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சிரியா, ஈராக்கிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். அவர்கள் தங்கள் மக்களுக்கு அரபியிலேயே சுற்றிக்காட்டுகிறார்கள். திட்டத்தில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், சிரியாவின் அலெப்போ நகரத்து வீடு ஒன்றிலிருந்து வந்த, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவிய மரப்பலகைகள் ஓர் அறையாகவே இருக்கின்றன. அதைப் பற்றி ஒரு சிரியாக்காரருக்கு யார் பாடம் எடுப்பது, சொல்லுங்கள்! ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகமும் இதில் உண்டு. ஆகவே ஜெர்மன் வரலாறும் வரும், ஆனால் சொல்வது அதே வழிகாட்டிகள்தான். ‘முல்தகா’ என்ற அரபிச் சொல்லுக்கே சந்திக்கும் இடம் என்றுதான் பொருள்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் முல்தகா என்று தேடுங்கள், வழிகாட்டிகள் யார் என்பது திட்ட அறிமுகத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் தெரியாவிட்டால் ஆங்கிலப் பக்கமும் உண்டு. அப்புறம், பகிர்ந்தவர்கள் பதிவைத் திருத்திவிட்டால் நல்லது.