மதுரையில் எங்களுக்குத் தினமும் என்ன வேலை?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து எனக்கு மட்டும் பதினாலு பேர் அனுப்பிவிட்டார்கள், போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம். எந்தக் கூட்டம், யார் பேசினார் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பேசியவர் எனக்குத் தெரிந்தவர்தான், நல்ல மனிதர், நேரில் பார்த்தால் இப்போதும் டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகிற காலை ரயிலை ஒரு மணி நேரம் முன்னால் விடச் சொல்லுங்கள் என்று எழுந்து கேட்ட அந்தப் பையனைப் பார்த்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ராமநாதபுரத்துக்காரங்களுக்கு மதுரையில தெனமும் என்னப்பா வேலை?" என்று கேட்டாரே, கூட்டமும் சிரித்ததே, அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

என்ன வேலையா? சொல்கிறேன்.

மாசி வீதிகளில் உள்ள கடைகளில் பில் போடுகிற, துணி மடிக்கிற, கணக்கு எழுதுகிற ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பரமக்குடி, சத்திரக்குடி, உச்சிப்புளி என்று வரும். உயர் நீதிமன்றக் கிளை 2004ல் மதுரைக்கு வந்தது, அதிலிருந்து எங்கள் ஊர் வாய்க்கால் வரப்புச் சண்டைக்கும் மதுரைக்குத்தான் போக வேண்டும். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் மதுரை, விமானமும் மதுரை. பெரியாஸ்பத்திரியில் காலை ஓபி சீட்டு வாங்க நிற்கிற வரிசையில் எங்கள் ஊர்ப் பேச்சு கேட்காத நாள் கிடையாது. இதெல்லாம் வேலை இல்லையென்றால் வேறு எது வேலை என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மதுரை எய்ம்ஸில் சேர்ந்த முதல் செட் மாணவர்கள் 2022ல் எங்கே உட்கார்ந்து படித்தார்கள்? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். மதுரைக்குக் கட்டடம் இல்லாதபோது எங்கள் ஊர் இடம் கொடுத்தது. அப்போது மதுரைக்காரர்களுக்கு ராமநாதபுரத்தில் தினமும் என்ன வேலை என்று நாங்கள் யாரும் மைக் பிடித்துக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. காலை எட்டரைக்கு மதுரை ஜங்ஷனில் இறக்கிவிடுகிற ஒரு வண்டி. இப்போது ஓடுகிற காலைப் பாசஞ்சர் விடியலிலேயே ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பிவிடும், ஆனால் மதுரை வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். சுமார் 160 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கடை திறக்கிற முதலாளியிடம் ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்று பாருங்கள், ஒரு வாரம் பொறுப்பார். புது எஞ்சின் கேட்கவில்லை, புதுப் பெட்டி கேட்கவில்லை, புதுத் தண்டவாளமும் கேட்கவில்லை. அதே வண்டி, அதே டிரைவர், கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் திருப்புங்கள் என்கிறோம். எட்டரை. இதைக் கேட்டதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

'அதான் பஸ் இருக்கே' என்று இதற்குள் ஒருவர் டைப் அடிக்க ஆரம்பித்திருப்பார். தெரியும் சார். பஸ் நேரம் எனக்கு மனப்பாடம், கமெண்டில் வந்து போடாதீர்கள். ஒரு காலத்தில் நானும் ஆறு மாதம் பஸ்ஸில் தினம் போய்வந்தவன்தான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போனது, மிச்சம் இடுப்பு வலிக்குப் போனது. பாசஞ்சர் டிக்கெட் பஸ் டிக்கெட்டில் பாதிகூட வராது, மாத சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் ஆக்கி, பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கினார்களே, 2024 பிப்ரவரியில் பழையபடி குறைக்கிற வரைக்கும் அதைச் சத்தம் போடாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார்? மதுரையில் ஒரு வேலையும் இல்லாத இதே ஜனம்தான்.

பரமக்குடி–ராமநாதபுரம் சாலையை நான்கு வழியாக்க 2025ல் 1,853 கோடிக்கு ஒப்புதல் கிடைத்ததே, அது வந்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு நண்பர் சொல்கிறார். நல்லது, வரட்டும். கார் இருக்கிறவர்கள் இன்னும் சீக்கிரம் ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பலாம்.

எனக்குக் கோபம் இங்கேதான் வருகிறது. எங்கள் பாதையில் ஓடுகிற எதுவுமே எங்களை நினைத்து ஓடியதில்லை. 1914ல் பாம்பன் பாலம் திறந்தது எங்களுக்காகவா? போட் மெயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு ஆள் மாற்றிவிடுவதற்காக. மண்டபம் கேம்ப் என்று ஸ்டேஷன் பெயரிலேயே இன்றைக்கும் இருக்கிற அந்த கேம்ப் என்ன? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற நம் சனங்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த இடம். கூலிக்கு ஆள் கொண்டுபோக வேண்டுமென்றால் கடலுக்கு மேலேயே பாலம் போடுவார்கள். ஆள் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்ப வேண்டுமென்றால், என்னப்பா வேலை?

இத்தனை எக்ஸ்பிரஸ் ஓடுகிறதே என்பார்கள். சேதுவும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் மானாமதுரையிலேயே காரைக்குடிப் பக்கம் திரும்பிவிடும், மதுரையைத் தொடவே தொடாது. வடக்கிலிருந்து வருகிற நீள வண்டிகள் பலவும் எங்கள் உச்சிப்புளி ஸ்டேஷனில் நிற்காமல் காற்றைக் கிளப்பிவிட்டுப் போகும், பிளாட்பாரத்தில் காயப்போட்ட கருவாடு மட்டும் புரண்டு விழும்.

புதுப் பாலத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, அதற்கும் யாராவது வந்துவிடாதீர்கள். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி, கீழே படகு போவதை நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், கைதட்டினேன். ஆனால் 2022 டிசம்பரில் பழைய பாலத்தை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதியது திறக்கும் வரை, இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் ஒரு ரயிலும் போகவில்லை. அந்த நாட்களில் பாம்பன்காரப் பெண்கள் மீன் கூடையோடு மண்டபத்துக்கு வந்து வண்டி ஏறினார்கள். கூடையோடு எந்த பஸ் ஏற்றும்? நாற்றமாம். எங்கள் அப்பத்தாவை ஒரு தடவை பாதி வழியில் இறக்கியே விட்டார்கள். நாலு கிலோ நகரை மீன், ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. வெயிலில் நின்று எதிரே வருகிற லாரிக்கெல்லாம் கை காட்டியிருக்கிறது. ரயிலில் அந்தப் பேச்சே கிடையாது. கடைசிப் பெட்டியில் கூடையை வைத்துவிட்டு அப்பத்தா அதன் மேலேயே தலை சாய்த்துத் தூங்கும்.

ஒற்றைத் தண்டவாளம், கிராசிங் பிரச்சினை, உனக்கு டெக்னிக்கல் தெரியாது என்று ரயில்வேயில் இருக்கிற என் மச்சானே சொல்கிறான். தெரியாதுதான். அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வண்டியை நகர்த்தினால் எதிரே வருகிற இன்னொன்றை எங்கேயாவது நிறுத்த வேண்டும், சரி. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து காட்பாடி சுற்றிக்கொண்டு சென்னை கடற்கரைக்கு 2024ல் வண்டி விட்டார்களே, அது எங்கள் மதுரைத் தூரத்தை விட அதிகம். அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்து யாரோ நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காரட்டும் என்றுதான் கேட்கிறோம். உட்கார்ந்து பார்த்துவிட்டு முடியாது என்றால் அது வேறு. உட்காரவே மாட்டேன் என்பது வேறு.

அவ்வளவு சீக்கிரம் கிளம்பினால் தீவுக்காரர்கள் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று ஒரு கவலை. பாம்பனில் நாலு மணிக்கு யார் தூங்குகிறார்களாம்?

உங்கள் ஊரிலேயே தொழிற்சாலை கொண்டுவரச் சொல்லிப் போராடுங்கள், எதற்கு மதுரைக்கு ஓடுகிறீர்கள் என்று கேட்கிற தோழர்களுக்கு வணக்கம். நீங்கள் கொண்டுவாருங்கள், நான் மாலையோடு நிற்கிறேன். அதுவரைக்கும் எட்டரை.

ஒரே ஒருவருக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நேற்று இரவு போன் செய்தார். "நீங்க நேரம் சரியில்லைங்கிறீங்க, எங்களுக்கு ஸ்டேஷனே இல்லையே தம்பி" என்றார். ஏர்வாடி, சாயல்குடி, தேவிபட்டினம், தொண்டி, கடலோரமாக எதுவுமே கிடையாது. காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரை ரயில் என்று என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பேசுகிறார்கள், என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவரிடம் நான் என்ன சொல்வது? 'ஆமா காக்கா' என்றேன். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. மாத சீசன் 150 கிலோமீட்டர் வரைக்கும்தான் தருவார்கள். மண்டபம் அதற்குள் வந்துவிடும், ராமேஸ்வரம் வராது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் தினப் பயணி, அந்தப் பக்கம் இருக்கிறவன் யாத்ரீகன். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஆறு மாதம் என்றேனே, அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. மதுரையிலேயே ஒரு மேன்ஷனில் ரூம் எடுத்தேன். மூன்று பேருக்கு ஒரு ரூம், மூட்டைப்பூச்சிக்கு வாடகை கிடையாது. பதினோரு வருடம். உச்சிப்புளிக்கும் மதுரைக்கும் நடுவே சுமார் 125 கிலோமீட்டர்தான் இருக்கும், நான் என்னவோ துபாயில் இருக்கிறவன் மாதிரி வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவேன். சனிக்கிழமை கடை அடைத்துக் கணக்கு முடிக்க ஒன்பதரை, சாயங்கால வண்டி எப்போதோ போயிருக்கும், பஸ் பிடித்து வீட்டுக் கதவைத் தட்டும்போது மகள் தூங்கியிருப்பாள். ஞாயிறு காலை பல் விளக்க எனக்கு வீட்டில் பிரஷ் இருக்காது. அது மேன்ஷனில் கிடக்கும். விரலில் பற்பொடி தொட்டுத் தேய்ப்பேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்காரிக்கும் சிரிப்புதான். நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ அவளே பச்சைக் கலரில் ஒன்று வாங்கி, குளியலறை டம்ளரில் போட்டு வைத்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தண்ணீர் படுகிற பிரஷ்.

எட்டரைக்கு ஒரு வண்டி அன்றைக்கு இருந்திருந்தால் நான் தினமும் வீடு வந்திருப்பேனா? சாயங்கால வண்டியைப் பிடிக்க முதலாளியிடம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும், அவர் விட்டிருப்பாரா, தெரியாது. ஒருவேளை மாட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கண்டுபிடித்த மாதிரி வந்து கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோ போனில் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். மகளுக்கு மதுரையில் காலேஜ் கிடைத்திருக்கிறது. ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு, அதனால் விடுதி. வாளி, மக், பூட்டு, தகர டிரங்குப் பெட்டி எல்லாம் எடுத்தாகிவிட்டது. நான் ஓரமாக நின்று வீடியோவை இரண்டாம் தடவை ஓடவிட்டேன், சத்தம் வெளியே கேட்டுவிட்டது போலிருக்கிறது. வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் மட்டும், "அண்ணே, பிரஷ் ரெண்டா குடுங்க, ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்" என்றாள்.