பொது என்றால் சமம் இல்லை, சாமிகளா!

கல்வியை மாநிலப் பட்டியலுக்கே திருப்பிக் கொடு என்று கேட்கிறோமே, அதைப் பற்றிய விவாதத்தை நேற்று ராத்திரி பார்த்திருப்பீர்கள். "கல்விதான் பொதுப்பட்டியலில் இருக்கே, மாநிலமே சட்டம் போட்டுக்கலாமே, எதுக்கு ஒப்பாரி?" என்று கேட்டார் ஒருவர். கைதட்டல் வேறு. பொதுப்பட்டியல் என்பது ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியல்.

பொது என்றால் சமம் இல்லை. அரசமைப்பின் 254ஆவது பிரிவைப் படிக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? பொதுப்பட்டியல் விஷயத்தில் ஒன்றியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால், மோதுகிற அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. எது முதலில் வந்தது என்ற கேள்வியே கிடையாது.

"254(2) இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. மசோதா பேரவையில் நிறைவேறி, ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி, அவர் ஒப்புதல் தந்தால் அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும். அவர் யார் ஆலோசனைப்படி நடப்பார்? ஒன்றிய அமைச்சரவை. அவர்கள் சட்டத்திலிருந்து விலக அவர்களிடமே அனுமதிச் சீட்டு! வாங்கிய பிறகும், நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு அதை ரத்து செய்யலாம். அதே உட்பிரிவின் கடைசி வரி அது. அதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

"ஜல்லிக்கட்டில் ஜெயிச்சோமே?" ஜெயித்தோம். 2017இல் இதே வழிதான். டெல்லிக்கும் சம்மதம், சில நாளில் ஒப்புதல். நீட் விலக்கு மசோதா? 2021 செப்டம்பரில் நிறைவேறியது, 2022 பிப்ரவரியில் திரும்பி வந்தது, சில நாளில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினோம். 2025இல் 'முடியாது' என்று பதில். கதவு ஒன்றுதான், சாவி யார் இடுப்பில் என்பதுதான் விஷயம். குடியரசுத் தலைவர் முடிவெடுக்க 201ஆவது பிரிவில் கெடுவும் இல்லை. நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கருத்துச் சொல்லிவிட்டது.

கல்வி மாநிலப் பட்டியலுக்கே திரும்பினாலும் உயர்கல்வித் தரம் ஒன்றியப் பட்டியலின் 66ஆவது பதிவில்தான் இருக்கும் என்பதும் தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் அதில் வராதே, அதை ஏன் எடுத்தீர்கள்?

எப்படி எடுத்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். 1976, அவசரநிலை, 42ஆவது திருத்தம். கல்வி, காடு, வனவிலங்கு, எடை-அளவு, நீதி நிர்வாகம் என ஐந்தும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயின. "மாநிலங்களும் ஒப்புக்கொண்டனவே" என்று ஒரு புத்திசாலி வருவார். பாதி மாநிலங்களின் பேரவைகள் ஆமாம் என்றால் போதும், விதி அப்படி. தமிழ்நாட்டுப் பேரவை என்ன சொன்னது தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஜனவரி 31ஆம் தேதியே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். சொல்வதற்குப் பேரவையே இல்லை.