சுழலும் வட்டத்துக்கு வேலையைப் பற்றித் தெரியுமா?

பின்னணியில் ஏதோ ஒரு வேலை நடப்பதைக் காட்டுவதற்காகத் திரையின் மூலையில் சிறு வட்டம் ஒன்றைச் சுழலவிடும் வழக்கம் இன்று பெரும்பாலான டெஸ்க்டாப் மென்பொருள்களில் இருக்கிறது. அந்த வட்டத்துக்கும் நடக்கும் வேலைக்கும் பல இடங்களில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே, பெங்களூரில் மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கும் என்னுடைய குறை.

முன்பெல்லாம் திரையை வரைவதும் கணக்கைப் போடுவதும் ஒரே த்ரெட்டில் (நிரலின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடத்தில்) நடந்ததால், வேலை சிக்கிக்கொண்டால் திரையும் உறைந்துபோனது. விண்டோஸில் ஒரு சாளரம் 5 விநாடிகளுக்குச் செய்திகளை எடுக்காமல் இருந்தால், அது பதிலளிக்கவில்லை என்று இயங்குதளமே அறிவித்துவிடும். மேக்கில் வரும் வண்ணச் சக்கரத்தையும் செயலி வரைவதில்லை, இயங்குதளம்தான் வரைகிறது. எரிச்சலூட்டினாலும் அவை உண்மையைச் சொல்லின. பிறகு நீண்ட வேலைகளைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினோம். அது சரியான முடிவுதான். ஆனால், வட்டத்தைச் சுழற்றும் பொறுப்பு வேலையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு டைமரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் வேலை செத்துக் கிடந்தாலும் இந்தப் பக்கம் வட்டம் மிக அழகாகச் சுழலும்.

அல்சூரில் உறவினர் ஒருவர் நடத்தும் கணக்கு அலுவலகத்தில் இதன் விளைவைப் பார்த்தேன். ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான 20ஆம் தேதி மாலையில் இணையம் அறுந்துபோக, பதிவுகளைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்த மென்பொருளின் வட்டம் மட்டும் ஓயவில்லை. “அண்ணா, இது ஓடுதா, நின்னுடுச்சா?” என்று அங்கு வேலை செய்யும் பெண் கேட்டார். கணினியை அணைக்கவும் அவருக்குத் துணிவில்லை, காத்திருக்கவும் நேரமில்லை.

ஒவ்வொரு பதிவும் போய்ச் சேரும்போது மட்டும் வட்டம் ஒரு படி நகர வேண்டும். சிறிது நேரம் எதுவும் நகராவிட்டால் அது நின்று, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். 10 விநாடிகளுக்கு மேல் காத்திருப்பவரின் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்று மென்பொருள் பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1993இலேயே எழுதியிருக்கிறார். பின்னணி வேலையிலோ பயனர் காத்திருப்பதே இல்லை. அவர் வேறொன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். ஓரக்கண்ணில் அசைவது எதுவானாலும் கவனத்தை இழுக்கும் என்பதால், நாள் முழுவதும் மூலையில் சுழல்வது அவருக்கு உதவியல்ல, தொல்லை. தானாகத் தொடங்கி 5 விநாடிகளுக்கு மேல் அசைவதை நிறுத்த வழி வேண்டும் என்று இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல்களும் கேட்கின்றன. (அசைவு இலவசமும் அல்ல: 2017இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் நிரல் எழுதும் மென்பொருளில் வெறுமனே சிமிட்டிக்கொண்டிருந்த கர்சரே சிபியுவில் ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தின்றது.)

அசைவு இருந்தால்தான் பயனருக்கு நிம்மதி என்று வடிவமைப்பாளர்கள் வாதிடுவார்கள். நின்றுபோன வேலைக்கு அந்த நிம்மதியைத் தர நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சர்வரின் ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும்போது படிப்படியாக நகர்த்த எதுவும் இருக்காது என்பது உண்மைதான். அங்கே எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறோம் என்பதையும், ரத்து செய்ய ஒரு பொத்தானையும் காட்டினால் போதும்.