சம்பளம் குறையவில்லையே என்கிறவர்களுக்கு

சனிக்கிழமை மதிய விருந்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்கு நேரில் தெரியும், மீதிப் பேருக்கு ஞாயிறு காலைக்குள் போன் வந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. ஹிஜாப் போட்டிருக்கிறாள் என்று அந்தப் பெண்ணை அவள் வேலை பார்க்கிற கடையில் கவுண்டரிலிருந்து எடுத்து ஸ்டாக் ரூமில் போட்டிருக்கிறார்கள். அவள் சொல்லி முடிக்கக்கூட இல்லை, "சம்பளம் குறையலையே, அப்புறம் என்ன?" என்று ஒரு குரல். நாலைந்து தலைகள் ஆடின. அவள் பாதிச் சாப்பாட்டோடு தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சம்பளம் குறையவில்லை என்றால் தப்பு நடக்கவில்லை என்று யார் சொன்னது? நாம் இருப்பது கலிபோர்னியாவில். 2012-ல் இங்கே ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள், 2013 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. மத வழக்கப்படி உடுத்துகிற உடைக்காக, வைத்துக்கொள்கிற தாடிக்காக, ஒருவரை மற்ற ஊழியர்களிடமிருந்தோ வாடிக்கையாளர்களிடமிருந்தோ பிரித்து வைத்தால் அது நியாயமான ஏற்பாடு (மத வழக்கத்துக்காக முதலாளி செய்து தர வேண்டிய வசதி) ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மேனேஜர் எவ்வளவு தன்மையாகச் சொன்னாலும், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொன்னாலும், அது ஏற்பாடு இல்லை. ஒளித்து வைப்பது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. 2016-ல் நான் ஒரு கடையில் கல்லாவில் நின்றேன். அப்பா இறந்துபோன வருடம் அது, தினமும் திருநீறு பூசாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, நெற்றியில் என்ன அழுக்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், நீ கொஞ்ச நாள் உள்ளே பெட்டி பிரிக்கிற வேலை பார் என்றார். கொஞ்ச நாள் எட்டு மாதம் ஆனது. கத்தியால் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டே இருப்பேன், வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த மணிச் சத்தம் உள்ளே கேட்கும். அந்தச் சத்தம் இன்றைக்கும் எந்தக் கடையில் கேட்டாலும் வயிற்றைப் பிசைகிறது. சம்பளம்? ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

அந்த வருடம் சாம்பல் புதன் அன்று கூட வேலை செய்த ஒரு பெண் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து என் பழைய இடத்தில் நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மதியம் அவளே உள்ளே வந்து என்னிடம் கேட்டாள், "உன் நெற்றியில் இருப்பதும் இதுதானே?" என்று. எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் அமலுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, எனக்குத்தான் தெரியாது. புகார் கொடுக்க அப்போது ஒரு வருடம்தான் கெடு. எனக்கு விஷயம் தெரிந்தபோது அதுவும் போய்விட்டது.

சரி, சின்னக் கடை, சட்டமெல்லாம் பொருந்தாது என்றார் ஒருவர். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிற 1964-ன் அமெரிக்க மத்தியச் சட்டத்துக்குத்தான் பதினைந்து ஊழியர்கள் வேண்டும். கலிபோர்னியாவில் ஐந்து பேர் போதும். இந்தப் பெண் வேலை பார்க்கிற கடையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

கடைக்காரருக்கும் கஷ்டம் இருக்காதா என்றும் கேட்டார்கள். இருக்கட்டும், ஆனால் எது கஷ்டம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. 1977-ல் வந்த ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு, அற்பச் செலவு என்றாலே முதலாளி தட்டிக் கழிக்கலாம் என்று பல வருடம் ஓட்டினார்கள். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்த பென்சில்வேனியா தபால் ஊழியர் வழக்கில், அப்படி இல்லை, தொழிலுக்கே கணிசமான சுமை வந்தால்தான் மறுக்கலாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஒரு மதத்தின் மேல் இருக்கிற வெறுப்பை அந்தச் சுமையில் சேர்க்க முடியாது என்றும் சொன்னது. ஹிஜாப் விஷயத்திலேயே, ஓக்லஹோமாவின் டல்சா நகரில் துணிக்கடை வேலை மறுக்கப்பட்ட பெண்ணின் பக்கம் அதே நீதிமன்றம் 2015-ல் நின்றது, எட்டுக்கு ஒன்று. யாரோ ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்ததற்கு இந்தப் பெண் ஏன் உள்ளே போக வேண்டும்? இயந்திரத்தில் துணி மாட்டிக்கொள்ளும் என்றால் அது வேறு, ஒத்துக்கொள்கிறேன். கல்லாவில் எந்த இயந்திரம் ஹிஜாபை இழுக்கப்போகிறது?

மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கிற கயிற்றை ஆபீஸ் வாசலில் கழற்றிவிட்டா போகிறீர்கள்? நான் சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

எனக்கு வலித்தது அந்தக் குரல்கூட இல்லை. அன்று தலையாட்டியவர்களில் ஒருத்தி, 2016-ல் என் காரில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கண்ணாடியைப் பார்த்து டிஷ்யூவால் நெற்றியைத் துடைத்தபோது என் கையைப் பிடித்து, "துடைக்காதடி, இது அநியாயம்" என்று அழுதவள். திருநீறுக்கு அநியாயம் என்று தெரிந்தது, ஹிஜாபுக்கு ஏன் தெரியவில்லை? நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னை ஊரறிய அவமானப்படுத்த எழுதவில்லை, ஆனால் சனிக்கிழமையிலிருந்து உன் போனை எடுக்க முடியவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்றே தெரியவில்லை.

இனி பிரச்சினை பண்ணினால் வேலையே போகும் என்று ஸ்டாக் ரூமில் போட்ட அந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். மத வழக்கத்துக்காக ஏற்பாடு கேட்டதற்காகவே பழிவாங்குவதையும் இங்கே சட்டம் தடுக்கிறது, கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். புகாருக்கு 2020-லிருந்து மூன்று வருடம் கெடு. அவளுக்கு நேரம் இருக்கிறது.

நேற்று இரவு அவளே கூப்பிட்டாள். "அக்கா, கடைக்கு ஒரு கடிதம் எழுதணும், கூட இருப்பீங்களா?" என்றாள். பதினொன்றரை வரை உட்கார்ந்தோம். எந்தத் தேதியில் உள்ளே அனுப்பினார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், யார் பக்கத்தில் நின்றார்கள், எல்லாம் எழுதியாகிவிட்டது. காலையில் கையெழுத்துப் போட வருகிறாள்.