மாமாவின் டெக்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "8கே டிவி ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கிடலாமா?" என்று கேட்டார். "அதுல போட்டுப் பாக்க உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யூடியூபில் கடல் மீன் வீடியோ நாலைந்து இருப்பதாகச் சொன்னார். எனக்கு உடனே மாமா ஞாபகம் வந்துவிட்டது.

1983-இல் மாமா துபாயிலிருந்து முதல் லீவில் கும்பகோணம் வந்தார். கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், புடவைகள் எல்லாம் வழக்கம்போல. அவற்றோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே வீடியோ டெக். அந்தக் காலத்தில் டெக் என்பது வாடகைக்கு வருவது. டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுமாக ரிக்‌ஷாவில் ஏற்றிவந்து இறக்குவார்கள், தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும், காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலைக்குப் போகும். அப்படிப்பட்ட டெக் ஒரு வீட்டுக்கே சொந்தம் என்றால் சும்மாவா? அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

மாமா ஏமாளி இல்லை. துபாய்க் கடையில் இரண்டு ரக டெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று பீட்டா, இன்னொன்று விஎச்எஸ். பீட்டாவில் படம் பளிச்சென்று இருந்ததாம். கேசட்டும் சின்னது, கைக்கு அடக்கம். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று அதையே வாங்கி, பம்பாய் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸுக்கும் அழுதுவிட்டுக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு வீடியோ கடைக்குப் போனார். கடைக்காரர் மாமா நீட்டிய கேசட்டை வாங்கி, தன் அலமாரியில் இருந்த ஒரு கேசட்டின் மேல் வைத்துக் காட்டினார். மாமாவுடையது நாலு பக்கமும் உள்ளடங்கி நின்றது.

"அண்ணே, இது வேற சைசு. நம்மகிட்ட எல்லாமே பெருசுதான்."

"தஞ்சாவூர்ல கிடைக்குமா?"

"மெட்ராஸ்லயே கஷ்டம்ணே."

ஆக, எங்கள் வீட்டில் இருந்தவை மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த மூன்று கேசட்டுகள் மட்டும். ஒன்று இந்திப் படம், ஒன்று அரபுக் கச்சேரி, மூன்றாவது காலி. அந்த இந்திப் படத்தை இருபது தடவையாவது பார்த்திருப்போம். பாட்டிக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது, ஆனால் வில்லன் வருவதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவார். அரபுக் கச்சேரி விருந்தாளி வந்தால் மட்டும்.

டெக் ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை. அதுதான் கொடுமையே. கெட்டுப் போயிருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம்.

நாற்பது வருஷமாக இந்த விஷயத்தை மனசில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். புதுப் பொருளை முதலில் வாங்குகிறவன் ஏமாறுவது மெஷின் மோசம் என்பதால் இல்லை. அவன் மெஷினை மெஷினோடு ஒப்பிடுகிறான். பார்க்க வேண்டியது கேசட் கடை அலமாரியை. மாமா துபாயில் படத்தின் பளிச்சைப் பார்த்தார். கும்பகோணத்து அலமாரி அவர் கண்ணுக்கு அங்கிருந்து எப்படித் தெரியும்?

சோனி கம்பெனி பீட்டாமேக்ஸை, அதாவது மாமா வாங்கிய பீட்டாவை, ஜப்பானில் இறக்கியது 1975-இல். முதலில் வந்த கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். அடுத்த வருஷமே ஜேவிசி கம்பெனி விஎச்எஸ்ஸோடு வந்தது, அதில் இரண்டு மணி நேரம். 1977-இல் அமெரிக்காவில் ஆர்சிஏ என்ற கம்பெனி விற்ற விஎச்எஸ் டெக்கில் நாடாவை மெதுவாக ஓட்டி நாலு மணி நேரம்வரை பதியலாம். அவர்கள் ஊர் ஃபுட்பால் மேட்ச் ஒன்று முழுசாக அடங்க வேண்டுமே! சோனியும் விடாமல் நேரத்தைக் கூட்டியது. ஆனால் கூட்டுவதற்கு நாடாவின் வேகத்தைக் குறைக்க வேண்டும், வேகம் குறைந்தால் பளிச்சும் குறையும். மாமா வாங்கிய சமயத்தில் பீட்டாவிலும் மூன்று மணி நேரக் கேசட் வந்துவிட்டது. அதற்குள் அலமாரிகள் விஎச்எஸ்ஸால் நிரம்பிவிட்டன. 1988-இல் சோனியே விஎச்எஸ் டெக் செய்யத் தொடங்கியது. சேதியைக் கேட்டபோது மாமா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். 1983-இல் அந்தச் சண்டைக்கு வயது ஏழு. டோக்கியோவிலோ நியூயார்க்கிலோ மாமாவை யாரும் முன்னோடி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அவர்தான் முதல் ஆள். முக்கால்வாசி முடிந்துபோன சண்டையில் தோற்கிற பக்கம் போய்ச் சேர்ந்தார், அந்தச் சேதி இங்கே வந்து சேராததால்.

அமெரிக்காவில் முதலில் வாங்கியவர்களுக்கு வேறொரு பயமும் இருந்தது. டிவியில் வருவதை வீட்டில் பதிவது திருட்டு என்று 1976-இல் சினிமாக் கம்பெனிகளான யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மேல் வழக்குப் போட்டன. பிரதிவாதிகளில் வீட்டில் டெக் வைத்திருந்த ஒரு சாதாரண மனிதரும் உண்டு. அவரிடம் நஷ்டஈடு கேட்கவில்லை, அவராகவே சம்மதித்துத்தான் பெயரைச் சேர்த்தார்கள். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிற்றைக் கலக்கியிருக்காதா? 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மாற்றியது. ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், ரிக்கார்டர் வாங்கியவர்கள் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கும் முந்தைய கூத்து ஒன்று உண்டு. 1972-இல் கார்ட்ரிவிஷன் என்று ஒரு சாதனம் அமெரிக்காவில் வந்தது. வாடகைக்குக் கிடைக்கும் சிவப்புக் கேசட்டை வீட்டில் ரீவைண்ட் பண்ண முடியாது! கடைக்காரரிடம் இருந்த மெஷினில்தான் முடியும். பாதியில் தூங்கிவிட்டால் தூங்கியதுதான். அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது டிவ்எக்ஸ் கதையில். 1998-இல் சர்க்யூட் சிட்டி என்ற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் கொண்டுவந்தது. படம் பதிந்த டிஸ்க் சுமார் நாலரை டாலர். முதல் தடவை போட்டதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம், அப்புறம் பார்க்க மறுபடி காசு. கணக்கு எழுத டெக்கை டெலிபோன் லைனில் மாட்டி வைக்க வேண்டும். 1999 ஜூனில் கைவிட்டார்கள். டெக் வாங்கியவர்களுக்கு 100 டாலர் திருப்பித் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001 நடுவில் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரையும் நிறுத்தியதும், அந்த டிஸ்க்குகள் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கத்தான் ஆயின. மாமாவின் டெக்காவது யாரையும் அனுமதி கேட்காமல் ஓடியது.

அப்புறம் 2006. டிவிடிக்கு அடுத்த டிஸ்க் யாருடையது என்று சண்டை: தோஷிபா பக்கம் எச்டி டிவிடி, சோனி பக்கம் புளூ-ரே. தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர், உள்ளே கம்ப்யூட்டரில் போடும் பெண்டியம் 4 பிராசஸர். சோனி தன் பிளேஸ்டேஷன் 3-க்குள் புளூ-ரேயை வைத்து விற்றது. விளையாட்டுப் பெட்டி வாங்கிய பையன்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு கட்சியில் சேர்ந்தார்கள். 2007 நவம்பரில் வால்மார்ட் எச்டி டிவிடி பிளேயரை 98 டாலருக்குத் தள்ளிவிட்டபோது ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஜனவரி 4-ஆம் தேதி வார்னர் என்ற சினிமாக் கம்பெனி புளூ-ரே பக்கம் போவதாக அறிவித்தது. பிப்ரவரி 19-இல் தோஷிபா கடையைக் கட்டியது. விலை குறையட்டும் என்று காத்திருந்து வாங்கியவனுக்கும் அதே அடிதான். காத்திருப்பதும் காப்பாற்றவில்லை, சரியான அலமாரியைப் பார்ப்பதுதான் காப்பாற்றியிருக்கும்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். 2011 தீபாவளிக்கு த்ரீடி டிவி வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இரண்டு கண்ணாடி இலவசம். வீட்டில் நாலு பேர். கூடவே ஒரு த்ரீடி டிஸ்க்கும் வந்தது. அதைத் தவிர வேறு டிஸ்க் வாங்கவே இல்லை, ஆக அலமாரியில் ஒன்று! மாமாவிடம் மூன்று கேசட்டாவது இருந்தது. 2010-இல் ஆரம்பித்த ஈஎஸ்பிஎன் த்ரீடி சேனல் 2013-இல் மூடப்பட்டது. 2017-இல் எல்ஜியும் சோனியும் த்ரீடியையே விட்டுவிட்டன. கண்ணாடி இரண்டையும் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொண்டு டான் வேஷம் கட்டுகிறார்கள். டிவி நன்றாகவே ஓடுகிறது, சீரியல் பார்க்கிறோம்.

முதலில் வாங்க ஆள் இல்லாவிட்டால் விலை எப்படிக் குறையும் என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தப் பரிசோதனைச் செலவை ஏன் மாமா கட்ட வேண்டும்? கம்பெனி தோற்றால் நஷ்டக் கணக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். மாமாவுக்கு அது இரண்டு வருஷத்துப் பாலைவன வெயில்.

மாமா கல்யாணம் 1985-இல். வீடியோக்காரர் விஎச்எஸ்ஸில் எடுத்தார். மாமா வீம்பாக அதைப் பீட்டாவுக்கு மாற்றித் தரச் சொல்லி, அந்தக் காலி கேசட்டைக் கொடுத்தார். எங்கேயோ அலைந்து மாற்றிக்கொடுத்த வீடியோக்காரர், ஒரிஜினல் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டார். 1999-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது டெக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டது அத்தை. கேசட் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தங்கிவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பில் நையாண்டி மேளத்துக்கு எங்கள் அப்பா, ஊரே நடுங்கும் கணக்கு வாத்தியார், சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆடியது அந்தக் கேசட்டில் இருக்கிறது என்று அத்தை சத்தியம் பண்ணுகிறார். சென்னையில் மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன், விஎச்எஸ் என்றால் உடனே மாற்றித் தருகிறார்கள், பீட்டாவுக்கு மெஷின் இல்லை என்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு. ஆடவே இல்லை என்கிறார்.